பின்னட்டையில் இருக்கும் வயது

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் விடுமுறை நெருங்கிவிட்டால் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் புத்தகக் கடைகளில் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை வயதுப் பிள்ளைக்கு?" கடைக்காரர் பின்னட்டையைப் பார்த்து "எட்டு வயசுக்கு மேல" என்பார். அதோடு சரி.

அந்த எட்டுக்குள் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. பிள்ளையால் இதை வாசிக்க முடியுமா? வாசித்ததை மனசு தாங்குமா?

முதலாவதுக்கு ஐந்து விரல் சோதனை போதும். நடுவில் ஒரு பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்குகிற சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு, மூன்று என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். எழுத்து தெரியாத அப்பாயிகூட இதைச் செய்யலாம். தடுமாற்றம் காதிலேயே கேட்கும்.

வாக்கிய நீளத்தையும் அசைகளையும் எண்ணி நிலை சொல்கிற ஆங்கிலச் சூத்திரங்களைத் தமிழுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது அந்தக் கணக்கில் பெரிய மலை. தரம் மூன்றுப் பிள்ளை அதை ஒரே மூச்சில் சொல்லிவிடும். 'மரபு' என்ற மூன்றெழுத்தில்தான் நின்றுவிடும்.

இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வயதைப் போடாமல் வாசிப்பு நிலையை எண்ணால் குறிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் தரம் ஏழில் இருந்துகொண்டு இரண்டாம் நிலைக் கதைக்கே திணறும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கையில் முயல் குட்டிக் கதையைக் கொடுத்தால் வெட்கத்தில் மூடி வைத்துவிடுவார்கள். சொல் எளிதாகவும் விஷயம் பன்னிரண்டு வயதுக்குரியதாகவும் இருக்கிற புத்தகம் வேண்டும். தமிழில் அது குறைவு. பதிப்பாளர்கள் காதில் விழட்டும்.

அடுத்தது உள்ளடக்கம். கதையில் சாவு வந்தால் பலர் பதறுகிறார்கள். நான் பதறுவதில்லை. மண்சரிவையும் குளவிக் கொட்டையும் பற்றி வீட்டில் பேசக் கேட்டு வளரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். என்னைச் சங்கடப்படுத்துவது வேறு: குடித்துவிட்டுத் தள்ளாடும் அப்பாவைச் சிரிப்புக்காக வரைந்த படம், கெட்டவன் என்றாலே கறுப்பாகக் காட்டுவது. அந்தப் பக்கத்தில் எந்தக் கடினச் சொல்லும் இருக்காது. ஐந்து விரலும் நிமிர்ந்தே நிற்கும்.

தொடர் புத்தகங்களில் இன்னொரு சிக்கல். ஹாரி பொட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் வந்த முதல் புத்தகத்தில் அவனுக்குப் பதினொரு வயது. ஏழாவது வந்தது 2007இல். புத்தகத்துக்குப் புத்தகம் அவனுக்கு ஒரு வயது கூடுகிறது, கதையும் இருள்கிறது. நான்காவதில் கூடப் போட்டியிட்ட மாணவனே கொல்லப்படுகிறான். அன்றைய வாசகர்கள் அடுத்த புத்தகம் வரும்வரை காத்திருந்து, அதற்குள் தாங்களும் வளர்ந்தார்கள். இன்று ஒன்பது வயதுப் பிள்ளை மொத்தத்தையும் ஒரே விடுமுறையில் முடித்துவிடலாம்.

அதனால் செட்டாக வாங்கப் போகிறவர்கள் முதல் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். கடைசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே நடுவில் நாலு பக்கம் வாசியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.