மாடு வாயைத் திறக்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் நமக்குத் தருவது நிம்மதியா, தலைவலியா? நான் நிம்மதி அணி. முகத்தைப் பார்த்தால் தெரியாது. நேற்று இரவு இரண்டு மணி வரை வைஃபையை இயக்கும் டிரைவர் நிரலோடு மல்லுக்கட்டினேன்.

முன்னால் பேசிய நண்பர் எங்களை, "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கூட்டம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் பாதி தட்டிவிட்டேன். ஆனால் ஐயா, எங்கள் மாடுதான் வாயைத் திறந்து காட்டும்! மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த மூல நிரல்தான் அந்தப் பல். எண்ணிப் பார், சொத்தை இருந்தால் அடை, அடைத்த மாட்டை அடுத்தவருக்கும் கொடு என்கிறது எங்கள் உரிமம். உங்கள் மாட்டுக்கோ காசு கொடுத்தாலும் வாய்ப்பூட்டு!

வாய்ப்பூட்டு போட்ட தான மாடும் ஒன்று உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. காசு கேட்கவில்லை. அது காகிதத்தை மென்றுகொண்டு நின்றுவிடும். மாடல்லவா! அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி நிரல் எழுதியிருந்தார். புதியதில் முடியவில்லை, நிரல் கையில் இல்லை. அச்சுக்குக் கொடுப்பார், காத்திருப்பார், எழுந்து போவார். பார்த்தால் அவருக்கு முன்னால் கொடுத்தவருடைய காகிதமே சிக்கிக் கிடக்கும். திரும்புவார், மறுபடி போவார். மாடு இன்னும் மென்றுகொண்டிருக்கும்! சரி என்று, நிரல் வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடமே போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1983-ல், ஒரு முழு இயங்குதளத்தையே கட்டற்ற மென்பொருளாக எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார் ஸ்டால்மன். நண்பரே, பல்லைப் பார்க்க விடாததால் வந்த வினை இது!

சிரித்தது போதும். என் அப்பா இருக்கும் வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். பழைய கேமராவில் எடுத்தது. அதோடு வந்த மென்பொருளை அந்த நிறுவனம் எப்போதோ கைவிட்டுவிட்டது; எதில் போட்டாலும் திறக்கவில்லை. கடைசியில் விஎல்சி என்ற கட்டற்ற வீடியோ பிளேயரில் போட்டேன். 1996-ல் பிரான்சில் கல்லூரி மாணவர்கள் தொடங்கி வைத்தது அது. படம் கொஞ்சம் நடுங்கியது, அப்புறம் ஓடியது.

அப்பா கேமராவை உற்றுப் பார்த்து, "இது ஓடுதா?" என்று கேட்கிறார்.

பக்கத்தில் இருந்த அம்மா திரையைப் பார்த்து, "ஓடுது, பேசுங்க" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. வணக்கம்.