மகளிர் மாதத்துக்கு ஒரு புத்தக மேசை போதுமா?

அடுத்த கேள்வி, நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரியிடமிருந்து. "மார்ச் வந்தால் பெண்கள் எழுதிய புத்தகங்களை ஒரு மேசையில் அடுக்கி வைக்கிறோம். வேறு என்ன செய்யலாம்? இங்கே வேலை செய்யும் பெண்களுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார்.

மேசை இருக்கட்டும். அதில் நூலகர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். எழுதிய பெண்களைக் கொண்டாடுகிறோம். அந்த எழுத்தை வாசகர் கையில் சேர்த்த பெண்களை மறந்துவிடுகிறோம்.

டோரதி போர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழக நூலகத்தில், கறுப்பின மக்கள் தொடர்பான சேகரிப்பு அவர் பொறுப்பில் வந்தது. மற்ற நூலகங்களில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று விசாரித்தார். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில் 326 அடிமைமுறைக்கான எண், 325 குடியேற்றத்துக்கானது. எழுதியவர் கறுப்பினத்தவர் என்றால் கவிதைத் தொகுப்பைக்கூட அந்த எண்களில்தான் போட்டிருந்தார்கள்! போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் சேர்த்தார். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது பதிப்பகங்களிடம் இலவசமாகக் கேட்டு வாங்கினார். இப்படி 43 ஆண்டுகள். ஓர் எண்ணை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

சரி, பயன் பற்றிக் கேட்டீர்கள். நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் 1887-இல் தொடங்கிய நூலகப் பள்ளியின் முதல் வகுப்பில் 20 பேரில் 17 பேர் பெண்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, லண்டன் நூலகர் மாநாட்டில் அமெரிக்க நூலகர் ஜஸ்டின் வின்சர் நூலகங்களில் வேலை செய்யும் பெண்களைப் பாராட்டிப் பேசினார். அதே சம்பளத்துக்கு ஆண்களிடம் இந்தத் தரம் கிடைக்காது என்பது அந்தப் பாராட்டின் ஒரு பகுதி. குறைந்த சம்பளம் அப்போதே தொழிலோடு ஒட்டிக்கொண்டது. 1876-இல் உருவான அமெரிக்க நூலகச் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர் 1911-இல்தான் வந்தார், தெரசா எல்மெண்டார்ஃப்.

அதனால் உங்கள் நூலகத்தில் யார் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நூல் தேர்வுக் குழுவிலும் பதவி உயர்விலும் பெண்கள் இருக்கிறார்களா? மாலையில் பூட்டும் நேரத்தில் ஒருவரைத் தனியாக விட்டுவிடுகிறீர்களா? அப்புறம், மகளிர் மாத ஏற்பாடு முழுவதும் பெண் ஊழியர்கள் தலையில், அதுவும் வேலை நேரத்துக்குப் பிறகு விழுகிறது. அதை வேலை நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இந்த மார்ச்சுக்கு நூற்பட்டியல் ஏதாவது தயாரித்தால், 'நூலக ஊழியர்கள்' என்று பொதுவாகப் போடாதீர்கள். தொகுத்தவர் பெயரை முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.