ஏரியில் நீந்தியவர்களா ஏரியை விற்றார்கள்?

("சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் இயற்கைமீது அக்கறையை வளர்ப்பது வகுப்பறையா, வெட்டவெளியா?" என்ற தலைப்பில் ஏற்காட்டில் நடந்த பட்டிமன்றத்தில், 'வெட்டவெளியே' அணியில் ஓர் ஆசிரியை பேசியது.)

நடுவர் அவர்களே, இரு அணியினரே, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் பிள்ளைகுட்டிகளோடு மலையேறி வந்து, இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணி அண்ணன் சற்றுமுன் ஒரு போடு போட்டார். "மண்ணில் புரண்டு, மரத்தில் ஏறி, ஏரியில் நீந்தி வளர்ந்த தலைமுறைதானே அதே ஏரியை மண்ணடித்து மூடி, மனை போட்டு விற்றது? வெளியில் விளையாடினால் இயற்கைமீது பாசம் வரும் என்றால் ஊரில் ஓர் ஏரிகூடக் காணாமல் போயிருக்கக் கூடாதே!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

அண்ணே, விற்றவர் நீந்தியவர்தான். ஆனால் அந்த மனைக்கு வரைபடம் போட்டவர் யார்? பத்திரம் எழுதியவர் யார்? முன்பணம் கொடுத்து வாங்கியவர் யார்? எல்லாரும் படித்தவர்கள். காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976-லேயே அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதிவிட்டோம். சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவிட்டது. பாடம் வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஏரி வந்ததா?

நீந்திய பிள்ளைக்கு ஏரி சந்தோஷத்தைக் கொடுத்தது. பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. நாங்கள் கேட்பது அந்தப் பொறுப்பை. வெளியே கூட்டிப் போங்கள், ஓர் உயிரைக் காட்டுங்கள், "இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீ" என்று சொல்லுங்கள். அப்படிப் பொறுப்பெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரியே சாட்சி. சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அண்ணன் இறங்கும்போது ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்போது என் பள்ளிக்கு வாருங்கள். சுற்றிலும் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். மூன்றாம் வகுப்பில் பறவைகளின் கூடு பற்றிப் பாடம். "தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும்" என்று எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதினார்கள். ஒரு பிள்ளைகூட அதைக் கண்ணால் கண்டதில்லை. கூடு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் மாடிப்படியை ஒட்டிய பூவரச மரத்தில்!

படிக்கட்டில் வரிசையாக உட்காரவைத்து, "வாயைத் திறக்காமல் பாருங்கள்" என்றேன். இரண்டு இலைகளின் ஓரங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஊசியால் குத்தியதைப்போலச் சின்னச் சின்னத் துளைகள். துளை வழியே பஞ்சு இழை, நழுவாதபடி அதன் நுனி பிரிந்து பூத்திருக்கிறது. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே ஒரே ஓர் இழை மட்டும் சிவப்பு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், அது எங்கள் வீட்டு நூல். வேட்டிக் கரைக்கு அப்பா ஓட்டுகிற நூல்!"

யோசித்துப் பாருங்கள். குழித்தறிக்குப் பக்கத்தில் கூட்டித் தள்ளிய கழிவு நூல். அதை ஒரு கட்டைவிரல் அளவுக் குருவி பொறுக்கி வந்து வீடு கட்டியிருக்கிறது. அவன் அப்பாவும் நெசவாளி, அந்தக் குருவியும் தொழிலாளி. மறுநாள் வகுப்பு முழுக்க நூல் குவிந்துவிட்டது! நீளமான நூல் குருவியின் காலில் சுற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்து விரற்கணு அளவுக்குப் பிய்த்துச் சுவரில் வைத்தார்கள். கணக்குப் பாடம் அன்று நடக்கவில்லை. நடக்காமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கதை முடியவில்லை. சில நாள் கழித்து, மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட ஒருவர் வந்தார். தோளில் ஏணி, கையில் அரிவாள். அந்தப் பையன் ஓடிப்போய் மரத்தடியில் நின்றான். "அண்ணா, அங்கே வீடு இருக்கிறது." "யார் வீடு தம்பி?" "எங்கள் நூலில் கட்டிய வீடு." அவர் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இறங்கிவந்து, "உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. பறந்ததும் சொல்லுங்கள்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது யாரிடம் அனுமதி கேட்டார்? தலைமையாசிரியரிடமா? என்னிடமா? இல்லை. அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம், "தம்பி, இப்போது வெட்டலாமா?" என்று கேட்டார். மறுபடியும் சொல்கிறேன், அரிவாள் பிடித்த ஒரு பெரிய மனிதர் எட்டு வயதுப் பிள்ளையிடம் உத்தரவு கேட்டார்! அவனும் அண்ணாந்து பார்த்து, "கம்பியில் படுகிற கிளையை மட்டும் வெட்டுங்கள் அண்ணா" என்றான். அண்ணே, இவன் வளர்ந்து ஏரியை விற்பானா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்!

தாய்மார்களே, இந்தச் சேர்வராயன் மலையில்தான் திருமணிமுத்தாறு பிறக்கிறது. சேலத்துக்குள் ஓடும் அதே ஆற்றை என் வகுப்புப் பிள்ளைகள் "பெரிய சாக்கடை" என்கிறார்கள். அவர்கள்மீது தவறில்லை, நாம் காட்டியது அதைத்தான். என் பாட்டி அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "ஆற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்று கண்ணு" என்றார். நாங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். கண்ணை மூடியபடியே, "இது ஆறு இல்லையே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நாளை நீங்கள் மலையிறங்கும்போது, பாறையில் தண்ணீர் கசியும் ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். குரங்குக்குத் தீனி போடவேண்டாம், பாக்கெட்டை வீசவேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்து அந்தத் தண்ணீரில் வையுங்கள். "நம் ஊர் ஆறு இப்படித்தான் இருந்தது" என்று சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொடுங்கள். பிள்ளைகளை மட்டும் வெளியே அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.