மெழுகுவர்த்தியில் வைத்த விரல்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்த நாளையொட்டிப் பேச அழைத்திருக்கிறார்கள். லூத்தரைப் பற்றியும், அவர் தன் வாதங்களை அறைந்ததாகச் சொல்லப்படும் விட்டன்பர்க் ஆலயக் கதவைப் பற்றியும் நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நான் இன்று இங்கிலாந்துக்குப் போகிறேன். அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்ற வீரர்களைப் பற்றி அல்ல, பயந்துபோய் ஒருமுறை விசுவாசத்தை மறுதலித்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். என் மனத்துக்கு மிகவும் நெருங்கியவர்கள் அவர்கள்தான்.

தாமஸ் பில்னி என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் கல்லூரியைச் சேர்ந்தவர். ஆள் குள்ளம், மெலிந்த உடம்பு. நண்பர்கள் 'குட்டி பில்னி' என்றே கூப்பிட்டார்கள். பாவமன்னிப்புக்காக உபவாசம் இருந்தார், இரவெல்லாம் கண்விழித்து ஜெபித்தார், பூசைக்குப் பணம் கட்டினார். உடம்பும் இளைத்தது, பையும் இளைத்தது, மனம் மட்டும் ஆறவில்லை. பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடம் ஆஸ்தியையெல்லாம் செலவழித்தும் குணமாகாத சுவிசேஷத்துப் பெண்ணைப் போல இருந்தேன் என்று அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்தது. ஆன்மிகத் தேடலால் அதை வாங்கவில்லை. லத்தீன் நடை அழகாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கினார். புரட்டியபோது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய ஒரு வசனம் கண்ணில் பட்டது: 'பாவிகளை இரட்சிக்கக் கிறிஸ்து இயேசு உலகத்தில் வந்தார்... அவர்களில் பிரதான பாவி நான்.' அத்தனை வருஷ உபவாசம் தராத ஆறுதலை அந்த ஒரு வரி தந்துவிட்டது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பில்னி போப்பின் அதிகாரத்தை எதிர்த்தவர் அல்ல, பூசையையும் விடவில்லை. புனிதர்களின் சிலைகளை வணங்குவதையும் அவற்றை நாடி யாத்திரை போவதையும்தான் கண்டித்தார். அவரைப் புராட்டஸ்டன்ட் என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் சீர்திருத்தம் அவரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதற்குக் காரணம் 1524-ல் நடந்த ஒரு சம்பவம்.

ஹியூ லாட்டிமர் என்ற கேம்பிரிட்ஜ் குரு அப்போது பழைய கத்தோலிக்க மார்க்கத்தில் தீவிரமாக இருந்தவர். தன் பட்டத்துக்கான உரையில் லூத்தரின் தோழர் மெலாங்தனை வெளுத்து வாங்கினார். பில்னி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று எதிர்வாதம் செய்யவில்லை. பிறகு லாட்டிமரின் அறைக்குப் போய், 'என் பாவ அறிக்கையைக் கேளுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். லாட்டிமர் சம்மதித்தார். பில்னி தான் பட்ட பாட்டையும் தனக்குக் கிடைத்த சமாதானத்தையும் அப்படியே சொன்னார். அறிக்கை கேட்க உட்கார்ந்தவர் மனம் மாறி எழுந்தார். ஒருவரை இப்படியும் வெல்லலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். அதன்பின் இருவரும் கேம்பிரிட்ஜ் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பார்கள், நோயாளிகளைப் பார்ப்பார்கள்.

1527-ல் பில்னியைப் பிடித்து லண்டனில் விசாரித்தார்கள். பலமுறை கேட்டார்கள், மறுத்தார். நண்பர்கள் கெஞ்சினார்கள். கடைசியில் உடைந்து, கையெழுத்துப் போட்டார். சுட்டெரிக்கப்பட வேண்டியவன் நான் என்பதற்கு அடையாளமாகத் தோளில் விறகுக்கட்டைச் சுமந்து, பவுல் பேராலய முற்றத்தில் ஜனங்கள் முன்னால் நின்றார். பிறகு சிறை. 1529-ல் விட்டுவிட்டார்கள்.

விடுதலையாகி கேம்பிரிட்ஜ் வந்தவர் பழைய பில்னியாக இல்லை. இராப்பகலாக அவரைத் தனியே விட நண்பர்களுக்குப் பயமாக இருந்தது என்று லாட்டிமர் பிற்காலத்துப் பிரசங்கங்களில் சொல்கிறார். வேதத்தில் உள்ள ஆறுதல் வசனங்களை எடுத்துச் சொன்னாலும், அவை தன்னைக் குற்றம் சாட்டுவதாகவே அவருக்குப் பட்டதாம். இயேசுவை மறுதலித்த பேதுரு, சேவல் கூவிய பின் வெளியே போய் மனங்கசந்து அழுதான் என்று ஒரே வரியில் படித்துவிடுகிறோம். பில்னிக்கு அந்த அழுகை இரண்டு வருஷம் நீடித்தது.

1531-ல் ஓர் இரவு, பத்து மணி இருக்கும். நண்பர்களிடம் 'எருசலேமுக்குப் போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனது அவர் பிறந்த நார்ஃபோக் பகுதிக்கு. தேவாலயங்களில் இடம் இல்லை, அதனால் வயல்வெளிகளில் பிரசங்கித்தார். நான் மறுதலித்தது தவறு என்று ஜனங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். நாரிச் நகரில் ஒரு துறவிப் பெண்ணுக்கு டின்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். பிடித்துவிட்டார்கள். ஒருமுறை மறுதலித்தவர் மறுபடி பிடிபட்டால் அந்நாள் சட்டத்தில் மரணம்தான், வேறு வழி கிடையாது. மரணம் காத்திருக்கிறது என்று தெரிந்தே இயேசு எருசலேமுக்குப் போனார் அல்லவா, அதை நினைத்துத்தான் எருசலேம் என்றார்.

ஆகஸ்ட் 19 அன்று தண்டனை. முந்தின இரவு நண்பர்கள் சிறைக்கு வந்திருந்தார்கள். நெருப்பின் சூட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பில்னி எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியில் தன் விரலை நீட்டினார். முதல் கணு கருகும்வரை எடுக்கவில்லை என்று இரத்தசாட்சிகளின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபாக்ஸ் பதிவு செய்கிறார். நெருப்பு சுடும் என்பது எனக்குத் தெரியும் என்றார் பில்னி. பிறகு ஏசாயாவிலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னார்: 'நீ அக்கினியில் நடக்கும்போது வேகாதிருப்பாய்.' அவருடைய லத்தீன் வேதாகமம் இன்றும் கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.

விரலை ஏன் நீட்டினார்? வீரத்தைக் காட்ட என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருமுறை தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்ததை அனுபவித்த மனிதர் அவர். நாளைக்கு இந்த உடம்பு என்ன செய்யும் என்று தனக்குள்ளே சோதித்துப் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

இப்போது இருபத்தைந்து வருஷம் தாண்டி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருவோம். கத்தோலிக்கரான மேரி அரசியின் ஆட்சி. அவர் காலத்தில் சுமார் 280 பேர் விசுவாசத்துக்காக எரிக்கப்பட்டார்கள். 1555 அக்டோபர் 16 அன்று முதியவர் லாட்டிமரையும் சீர்திருத்தப் பேராயர் நிக்கோலஸ் ரிட்லியையும் ஒரே கம்பத்தில் கட்டி எரித்தார்கள். லாட்டிமர் சீக்கிரம் இறந்தார். ரிட்லியின் பக்கம் விறகை நெருக்கி அடுக்கிவிட்டதால் நெருப்பு மேலே எழாமல் கால்களை மட்டும் எரித்தது. இதைச் சிறையின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே கைதியாக இருந்த தாமஸ் கிரான்மர்.

கிரான்மர் கான்டர்பரியின் தலைமைப் பேராயராக இருந்தவர். ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் அவர் உருவாக்கியது. அது தமிழிலும் வந்தது. சிறு வயதில் எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று, செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம், செய்யத் தகாதவற்றைச் செய்தோம் என்று அறிக்கையிடுவோம். 1552 பதிப்பில் வந்த அந்த அறிக்கை யாருடைய கையிலிருந்து நமக்கு வந்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

ரிட்லி வெந்ததைப் பார்த்த பிறகு வந்த மாதங்களில் கிரான்மர் தளர்ந்துபோனார். ஒன்றன்பின் ஒன்றாக மறுதலிப்புக் கடிதங்களில் கையெழுத்திட்டார். பில்னிக்குக் கிடைத்த மன்னிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மறுதலித்த பிறகும் எரிக்கத்தான் முடிவு செய்தார்கள்.

இவர்களைக் குறையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1538-ல் ஜான் ஃபாரஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியை எரித்தபோது அங்கே பிரசங்கம் செய்தவர் லாட்டிமர். ஜோன் போச்சர் என்ற பெண்ணுக்குத் தீர்ப்பளித்த குழுவில் கிரான்மர் இருந்தார்; 1550-ல் அவரை எரித்தார்கள். அந்தப் பெண்ணும் தன் மனசாட்சிக்காகவே செத்தாள். இதை மறைத்துவிட்டு இவர்களின் தைரியத்தை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது.

1556 மார்ச் 21. மழை பெய்ததால் பிரசங்கத்தை மரியாள் ஆலயத்துக்குள் வைத்தார்கள். கிரான்மர் தன் மறுதலிப்பை எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 66 வயது. கண்ணீர் வழிய நின்றார். எழுதிக் கொடுத்திருந்தபடி ஜெபித்தார், ஜனங்களுக்குப் புத்தி சொன்னார். அப்புறம் எதிர்பாராத இடத்தில் திரும்பினார். மரண பயத்தால் எழுதியவை அவை, எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறேன் என்றார். இருதயத்துக்கு விரோதமாய் எழுதியது இந்தக் கை, ஆகவே முதலில் எரிய வேண்டியதும் இந்தக் கைதான் என்றார். ஒரே கூச்சல். மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கம்பத்தை நோக்கி அவர் ஏறக்குறைய ஓடினார். நெருப்பு மூட்டியதும் வலது கையைத் தழலுக்குள் நீட்டினார். அன்று அங்கிருந்த ஒரு கத்தோலிக்கர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கிரான்மரின் கொள்கை கேடானது என்று நம்பியவர் அவர். ஆனாலும், நல்ல காரியத்துக்காக மட்டும் இப்படிச் செத்திருந்தால் மனதாரப் புகழ்ந்திருப்பேன் என்று எழுதுகிறார்.

ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில், சாலைக்கு நடுவே, கருங்கல் பதித்த ஒரு சிலுவை அடையாளம் இருக்கிறது. அந்த மூவரும் எரிந்த இடம் அது. மாணவர்கள் அதன் மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.