பிடித்த சூப்பர் ஹீரோவைப் பற்றி ஒரு பத்தி: சிறுவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

[திரையில்: கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கம். பென்சிலால் எழுதிய ஏழு வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]

குரல்:
"எனக்கு ஸ்பைடர்மேன் பிடிக்கும். அவர் சுவரில் ஏறுவார். அவர் வலை விடுவார். அவர் சிவப்பு டிரஸ் போடுவார். அவர் உயரமாகக் குதிப்பார். அவர் கெட்டவர்களை அடிப்பார். எனக்கு ஸ்பைடர்மேன் ரொம்பப் பிடிக்கும்."

ஏழெட்டு வயதுக் குழந்தையிடம், பிடித்த சூப்பர் ஹீரோவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால், பெரும்பாலும் இப்படித்தான் எழுதித் தரும். ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப்படி சரியாகவே இருப்பதால், நாமும் ஒரு 'வெரி குட்' போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடுகிறோம். ஆனால் இது இன்னும் பத்தி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது எளிது.

[திரையில்: கத்தரிக்கோல் ஏழு வாக்கியங்களையும் தனித்தனித் துண்டுகளாக வெட்டுகிறது. நடுவில் உள்ள ஐந்து துண்டுகள் இடம் மாறுகின்றன.]

குரல்:
வாக்கியங்களைத் துண்டுகளாக வெட்டி, நடுவில் உள்ள ஐந்தையும் கலைத்துப்போட்டு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். சிவப்பு உடை முதலில் வந்தாலும், கெட்டவர்களை அடிப்பது முதலில் வந்தாலும் பொருளில் ஒரு மாற்றமும் இல்லை. 'பத்தி' என்ற சொல்லுக்கே வரிசை என்றொரு பொருள் உண்டு. வரிசையில் நிற்பவர்கள் இடம் மாறினால் யாராவது ஒருவர் சண்டைக்கு வரவேண்டும். இங்கே ஒருவரும் வரவில்லை. இதைச் சொன்னால் குழந்தைகள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இப்போது வாக்கியங்களின் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். ஏறுவார், விடுவார், போடுவார், குதிப்பார், அடிப்பார். தமிழில் எதிர்கால வினைமுற்று வழக்கமாக நடப்பதையும் குறிக்கும். 'அவர் சுவரில் ஏறுவார்' என்றால் நாளை ஏறப்போகிறார் என்று பொருள் இல்லை, ஏறுவது அவருடைய இயல்பு என்று பொருள். அத்தனை வாக்கியங்களும் 'வார்', 'பார்' என்றே முடிந்தால், அந்த ஹீரோவால் என்னென்ன முடியும் என்று குழந்தை பட்டியல் போடுகிறது, அவர் எதையும் செய்து நாம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எனவே பத்தி எழுதச் சொல்லித்தரும் முழு வேலையையும் நான் ஒரே ஒரு நகர்வாகப் பார்க்கிறேன்: 'வீசுவார்' என்பதிலிருந்து 'வீசினார்' என்பதற்குக் குழந்தையை அழைத்துச் செல்வது.

[திரையில்: 'வீசுவார்' என்ற சொல் மெல்ல 'வீசினார்' என்று மாறுகிறது.]

குரல்:
அந்த நகர்வு பென்சிலில் தொடங்குவதில்லை, பேச்சில்தான் தொடங்குகிறது. சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) எழுத்தைப் பற்றிக் கூறிய ஒரு கருத்து இங்கே பொருந்துகிறது. பேசும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார், கேள்வி கேட்கிறார், தலையாட்டுகிறார். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. குழந்தைக்கு எழுத்து கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே, எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் அந்த எதிராளாக நீங்கள் அமர வேண்டும். கேட்கும் கேள்விகள் எளியவையாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியை நோக்கித் தள்ள வேண்டும்.

[திரையில்: மேசையருகே பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் உட்கார்ந்திருக்கும் கோட்டோவியம். உரையாடல் எழுத்தில் ஓடுகிறது.]

"ஸ்பைடர்மேன்கிட்ட உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"
"வலை விடுவார்."
"வலையை விட்டு என்ன செஞ்சார்? நீ பார்த்ததுல ஒண்ணு சொல்லு."
"ஒரு அக்கா மேலேர்ந்து விழுந்தாங்க. அவர் வலை விட்டுப் பிடிச்சிட்டார்."
"அந்த அக்கா விழும்போது நீ என்ன செஞ்ச?"
"பயமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன்."

குரல்:
இங்கே நிறுத்துங்கள். குழந்தை போகிற போக்கில் சொன்ன அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் இந்தப் பத்தியின் உயிர். சிவப்பு உடை எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டது இந்தக் குழந்தைக்கு மட்டும்தான் தெரியும். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே, ஒரு தாளில் நீங்கள் குறித்துவையுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம். 'பிடிச்சிட்டார்' என்பது 'பிடித்துவிட்டார்' ஆகும், 'மூடிக்கிட்டேன்' என்பது 'மூடிக்கொண்டேன்' ஆகும். நம் குழந்தைகள் பேசுவது ஒரு தமிழ், எழுதவேண்டியது இன்னொரு தமிழ் என்பதால், என்ன எழுதுவது என்ற சுமையையும் எப்படி எழுதுவது என்ற சுமையையும் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் ஏற்றாமல் இருப்பதே இதன் பயன்.

எல்லாக் குழந்தையும் இவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. "சூப்பர்மேன்தான் எல்லாரையும்விடப் பலசாலி, அவரால் எல்லாம் முடியும்" என்று ஒரு குழந்தை பிடிவாதமாக நிற்கும். எல்லாம் முடிந்தவரைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காது. அந்தக் குழந்தையிடம் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள்: 1938இல் முதன்முதலாகக் காமிக்ஸில் தோன்றியபோது சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. தாவத்தான் தெரியும், அதுவும் ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். பறக்கும் ஆற்றல் பிறகுதான் வந்தது. பின்னால் கிரிப்டோனைட் என்ற கல்லும் வந்து, அதன் அருகே போனாலே அவர் சோர்ந்துவிடுவார் என்றானது. 1939இல் வந்த பேட்மேனிடமோ மாயசக்தி எதுவும் கிடையாது; உடற்பயிற்சி, மூளை, கருவிகள் ஆகியவற்றை நம்பியே அவர் இறங்குகிறார். 1962இல் வந்த ஸ்பைடர்மேன், முகமூடியைக் கழற்றினால் பள்ளிக்கூடத்து மாணவர். 'உன் ஹீரோவுக்கு எது கஷ்டம்?' என்று இப்போது கேளுங்கள். பட்டியல் உடைந்து கதை வெளியே வரும்.

ஒரு சிறிய குறிப்பு. "என் அம்மாதான் என் சூப்பர் ஹீரோ" என்று எழுதவைக்கும் ஆசை பெரியவர்களுக்கு உண்டு. குழந்தையே அதைத் தேர்ந்தெடுத்தால் மிக நல்லது. ஹல்க்கைப் பற்றி எழுத ஆசையாக உட்கார்ந்த குழந்தையை அந்தப் பக்கம் திருப்பினால், நமக்குப் பிடித்த பத்திதான் கிடைக்கும்.

[திரையில்: வெண்பலகை. அதில் 'ஸ்பைடர்மேன்', 'பேட்மேன்', 'ஹல்க்', 'வொண்டர் வுமன்' என்று பெரிய எழுத்துகள்.]

குரல்:
எழுதத் தொடங்கும் முன் பெயர்களைப் பலகையில் எழுதிவிடுங்கள். 'ஸ்', 'ஹ' போன்ற கிரந்த எழுத்துகள் இன்னும் கைக்குப் பழகாத வயதில், முதல் சொல்லிலேயே தடுக்கி, அழித்து, மறுபடி எழுதி, தாள் கிழிந்து, அதோடு ஆர்வமும் போய்விடுகிறது. பெயரைப் பார்த்து எழுதுவதால் எந்தக் குறையும் வந்துவிடாது.

முதல் வாக்கியம் இன்னாரைப் பிடிக்கும் என்று சொல்லட்டும். இரண்டாவது வாக்கியம் காரணத்தைச் சொல்லட்டும், ஒரே ஒரு காரணத்தை. அதற்குப் பின் வருபவை அனைத்தும் அந்தக் காரணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சொல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த பத்திக்குப் போகட்டும். சிவப்பு உடைக்கு இந்த வரிசையில் இடமில்லை. மேலே ஒரு ரொட்டி, கீழே ஒரு ரொட்டி, நடுவில் விவரங்கள் என்று பர்கர் படம் வரைந்து பத்தியை விளக்கும் முறை பல வகுப்புகளில் இருக்கிறது. தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் கீழ் ரொட்டி என்ற பெயரில், முதல் வாக்கியத்தில் 'ரொம்ப' என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக் கடைசியில் திரும்ப எழுதும் பழக்கத்தையும் அதுதான் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்து, வாக்கியம்தோறும் வரும் 'அவர்'. தமிழில் வினையின் விகுதியே செய்தவர் ஆணா, பெண்ணா, மரியாதைக்குரியவரா என்று பெரும்பாலும் காட்டிவிடுவதால், ஒவ்வொரு முறையும் 'அவர்' தேவையில்லை. 'அவர் வலையை வீசினார். அவர் அந்தப் பெண்ணைப் பிடித்தார்' என்ற இரண்டையும் 'வலையை வீசி அந்தப் பெண்ணைப் பிடித்தார்' என்று ஒன்றாக்கலாம். வினையெச்சம் என்ற பெயரைச் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒட்டும் விளையாட்டாகச் செய்தாலே போதும். ஹீரோவை 'அவர்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். ஆனால் 'அவன் வந்தார்' என்று நடுவழியில் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுப்பிழையும் ல, ள, ழ குழப்பமும் முதல் வரைவில் கண்டிப்பாக இருக்கும். முதல் நாளில் சிவப்பு மையை எடுக்காதீர்கள். பிழைகளை இரண்டாம் நாள், அதுவும் இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, குழந்தையையே சத்தமாக வாசிக்கவைத்துத் திருத்துங்கள். வாசிக்கும்போது நாக்கு தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் வாக்கியமும் தடுமாறியிருக்கும்.

[திரையில்: புதிய பக்கம். முதல் வரி சற்று உள்ளே தள்ளித் தொடங்குகிறது. எழுத்துகள் மெதுவாக உருவாகின்றன.]

குரல்:
"எனக்கு ஸ்பைடர்மேனைப் பிடிக்கும். யாருக்காவது ஆபத்து என்றால் அவர் உடனே ஓடி வருவார். ஒருமுறை ஒரு அக்கா உயரமான கட்டடத்திலிருந்து தவறி விழுந்தார். நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, ஸ்பைடர்மேன் வலையை வீசி அந்த அக்காவைப் பிடித்திருந்தார். முகமூடிக்குள் அவரும் பயந்திருப்பாரோ?"

இதுவும் ஆறே வாக்கியங்கள்தான், பழைய பத்தியைவிட ஒன்று குறைவு. கத்தரிக்கோலை மறுபடி எடுங்கள். கண்ணை மூடிய வாக்கியத்தை அக்கா விழுவதற்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "அப்படி வராது, அவங்க இன்னும் விழவே இல்லையே!" என்று குழந்தையே சண்டைக்கு வரும்.

மிச்சமிருப்பது தலைப்பு. தலைப்பை முதலில் எழுதச் சொன்னால் 'எனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ' என்றுதான் வரும், வகுப்பில் முப்பது பேருக்கும் அதே தலைப்பு. பத்தி முடிந்த பிறகு, "இதில் உனக்கு மட்டுமே தெரிந்தது எது?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைக் கொடுங்கள்.

[திரையில்: பக்கத்தின் மேலே, கோணலான எழுத்தில்: 'நான் கண்ணை மூடியபோது'.]