ராத்திரி யார் எழுந்திருப்பது?

எல்லாருக்கும் வணக்கம். பையன் இப்போதுதான் தூங்கினான், அதனால் மெதுவாகத்தான் பேசுவேன். வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? பால் குடிக்கிறானா, எடை கூடியதா, யார் ஜாடை? அம்மாவும் அப்பாவும் தூங்கினார்களா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

2004-இல் உளவியல் அறிஞர் டேனியல் கானமன் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நேற்று என்னென்ன செய்தீர்கள், அந்தந்த நேரத்தில் மனசு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சந்தோஷம் தரும் வேலைகளை வரிசைப்படுத்தியபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நேரம் டிவி பார்ப்பதற்கும் சமைப்பதற்கும் கீழேதான் வந்தது. வீட்டு வேலைக்குக் கொஞ்சம் மேலே. என் மாமியாரிடம் சொன்னேன், "பெத்த பிள்ளையைப் பார்க்கிறதுல என்னம்மா கஷ்டம்?" என்றார். பாசம் வேறு, ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்தோடு முக்கால் மணி நேரம் பின்னாலேயே ஓடுவது வேறு. அந்த நேரத்தில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்த எரிச்சலில் பாதி, தூக்கம் கெட்டதால் வருவது என்பது என் எண்ணம். ஜெர்மனியில் 4,600-க்கும் மேற்பட்ட பெற்றோரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் அம்மாவுக்குத் தினமும் சுமார் ஒரு மணி நேரத் தூக்கம் போகிறது, அப்பாவுக்குக் கால் மணி நேரம். முதல் பிள்ளைக்கு நாலு, ஆறு வயதான பிறகும் இருவருக்குமே பழைய தூக்கம் முழுசாகத் திரும்பவில்லையாம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம். நல்ல வழக்கம்தான், பத்தியச் சாப்பாடு, குளிப்பாட்ட ஆள், ராத்திரி தூக்கிவைத்துக்கொள்ளப் பாட்டி. ஆனால் அந்த மாதங்களில் கணவர் தன் வீட்டில் விடிய விடியத் தூங்குகிறார். பிள்ளை ஏன் அழுகிறது, எப்படித் தோளில் போட்டால் அடங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகுவதே இல்லை. நாம் திரும்பி வந்ததும், "உன்கிட்டதான் இவன் அடங்குறான்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பொய் சொல்கிறார் என்றில்லை, நிஜமாகவே நம்மிடம்தான் அடங்கும்!

சட்டமும் அப்படியே. மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாவுக்கு, கம்பெனி மனசு வைத்தால் உண்டு.

அதனால் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், அப்புறம் மற்றவர். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் பாலை எடுத்து வைத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் ரணகளம்தான், பிறகு பையனுக்கு அப்பா தோளும் பழகிவிட்டது.

கடைசியாக ஒன்று. பிரசவமான புதிதில் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனசில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்கத்தின் இலவச எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கீழேயும் போட்டிருக்கிறேன்.