ஒன்பது கேள்விகளில் மனச்சோர்வு தெரியுமா?

[திரையில்: கேள்வித்தாளின் முதல் வரி]

"கடந்த இரண்டு வாரங்களில், எதைச் செய்வதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா?"

பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இப்படித்தான் தொடங்குகிறது. ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் குரோன்கே, ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கியது. 2001-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவிவிட்டது.

மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மருத்துவரிடம் வருபவர்களும் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, தூக்கமின்மை, உடம்பெல்லாம் அசதி என்றுதான் வருகிறார்கள். அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தூக்கம், பசி, சோர்வு, குற்ற உணர்வு, கவனம் என்று மொத்தம் ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் அதிகபட்சம் 27. வழக்கமாக 10-ஐத் தாண்டினாலோ தொட்டாலோ மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். நேரமில்லாத இடங்களில் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மீதியையும் கேட்பார்கள்.

சரி, 12 வந்துவிட்டது. அப்படியானால் மனச்சோர்வு உறுதியா? இல்லை.

[திரையில்: 1,000 புள்ளிகள், அவற்றில் 100 மட்டும் வேறு நிறம்]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பேரில் 100 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைக் கேள்வித்தாள் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் 85 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் நோய் உள்ள 85 பேர் சிக்குவார்கள், 15 பேர் தப்பிவிடுவார்கள். நோய் இல்லாத 900 பேரில் 135 பேரும் வலையில் விழுவார்கள். ஆக, 'இருக்கலாம்' என்று வந்த 220 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 85 பேர்தான், பாதிகூட இல்லை! மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாத்திரை எழுதக் கூடாது என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்து மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். தைராய்டு குறைபாடோ ரத்தசோகையோ இருந்தாலும் சோர்வு வரும். நெருங்கியவரை இழந்த துக்கமாகவும் இருக்கலாம். அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு அளவுகடந்த உற்சாகத்தில் நாட்கணக்காக இருந்ததுண்டா? ஆம் என்றால் அது, அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறாக இருக்கலாம், சிகிச்சையே வேறு.

எல்லோருக்கும் ஒரே தாள் பொருந்துவதும் இல்லை. குழந்தை பெற்ற தாய்க்குத் தூக்கம் கெடுவது சகஜம். அதனால் அவர்களுக்கென்று 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாட்களின் மனநிலையைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்கிறது. முதியோருக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் தனி வினாப்பட்டியல் உண்டு.

[திரையில்: ஒன்பதாவது வரி மட்டும்]

இப்போது ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா? மொத்தம் வெறும் 4 தான் வந்திருக்கட்டும். இந்த வரியில் 1 இருந்தாலும் அன்றைக்கே, அங்கேயே, நேரடியாகக் கேட்டாக வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்க ஆள் இருந்ததே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது.

இந்த வரிக்காகவாவது தாளைத் தனியாக நிரப்பவிடுங்கள். கணவரோ மாமியாரோ பிள்ளையோ பக்கத்தில் நின்றால் பேனா தானாக 0 பக்கம் நகர்ந்துவிடும்.

எல்லாப் பெரியவர்களையும் இப்படிச் சோதிக்கலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2023-லும் சோதிக்கச் சொன்னது. கனடாவின் பணிக்குழு 2013-இல் வேண்டாம் என்றது. என் பார்வையில், மதிப்பெண் கூடினால் பேசுவதற்கு ஆளும் தொடர் சிகிச்சைக்கு வழியும் உள்ள இடத்தில் சோதியுங்கள். அது இல்லாமல் தாளை மட்டும் நீட்டுவது, கதவைத் தட்டிவிட்டு ஓடுவது போல.

சிகிச்சை தொடங்கிய பிறகும் இதே ஒன்பது கேள்விகள் உதவும். சில வாரங்கள் கழித்து 5 புள்ளி குறைந்திருந்தால் நல்ல முன்னேற்றம், 5-க்குக் கீழே வந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. அசையாமல் அங்கேயே நின்றால், மருந்தையோ பேச்சு சிகிச்சையையோ மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.